வரியை எங்கே ஒடிப்பது?

(ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மன்றத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். திரையில் காட்டிய எடுத்துக்காட்டுகள் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



வீட்டில் அம்மா மாதச் சாமானுக்குச் சிட்டை எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். துவரம்பருப்பு ஒரு கிலோ என்று எழுதுவார்கள். அந்த வரியில் வலப்பக்கம் பாதித் தாள் காலியாகக் கிடக்கும். ஆனாலும் உளுந்து அடுத்த வரிக்குத்தான் போகும். கடைப் பையன் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து டிக் போடுவான். கடைக்காரர் அந்தந்த வரிக்கு நேராக விலையைக் குறிப்பார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் ஏழாவது வரியில் டிக் இல்லை என்பது எட்டி நின்று பார்த்தாலே தெரியும். இப்படி எழுத வேண்டும் என்று அம்மாவுக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. சிட்டையைப் படிக்கப் போகிறவன் இன்னொருவன், அவன் நின்றுகொண்டு, அவசரத்தில், பத்துப் பேருக்கு நடுவே படிப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

நான்கு ஆண்டு படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் நிரலில் பதினைந்து மதிப்புகளை ஒரே வரியில் நெருக்கி எழுதுகிறார்கள். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு நான் கட்டிய அபராதத்தைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

இன்று எனக்குக் கொடுத்திருப்பது மிகச் சிறிய விஷயம். ஒரு கூற்று ஒரு வரியில் அடங்காமல் நீளும்போது அதை எங்கே ஒடிப்பது? ஒடித்த துண்டை எவ்வளவு உள்ளே தள்ளி வைப்பது? நீங்கள் ஸ்டேட்மென்ட் என்பதை நான் கூற்று என்பேன். இண்டென்ட் என்பதை உள்தள்ளல் என்பேன். மற்றபடி பிராக்கெட்டை அடைப்பு என்றும் சொல்வேன், வாய் தவறினால் பிராக்கெட் என்றும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு வாசகர்கள். ஒருவர் கணினி, அவர் குறிகளைப் படிக்கிறார். மற்றவர் மனிதர், அவர் முதலில் உருவத்தைப் படிக்கிறார், குறிகளைப் பிறகுதான் பார்க்கிறார். இந்த இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இரண்டு வேறு பொருள்களைப் படித்துவிட்டுப் போனால், அங்கேதான் பிழை குடியிருக்கிறது. வரியை ஒடிப்பதும் உள்ளே தள்ளுவதும் அழகுக்காக அல்ல. அந்த இருவரையும் ஒரே பொருளில் கொண்டுவந்து நிறுத்துவதற்காக.

எண்பது என்ற எண் எங்கிருந்து வந்தது

வரி நீளம் என்றதும் எல்லாரும் எண்பது என்கிறார்கள். அது கணினியைவிட மூத்த எண். ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. பிறகு 1957இல் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஐபிஎம் 704 கணினிக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, அந்தக் கணினியின் அட்டை படிப்பான் 80 பத்திகளில் 72ஐத்தான் எடுத்துக்கொண்டது. எனவே கூற்று 72ஆம் பத்தியோடு நின்றாக வேண்டும். மீதி எட்டுப் பத்திகளை அட்டைக்கு வரிசை எண் போடப் பயன்படுத்தினார்கள். கட்டு கை நழுவித் தரையில் சிதறினால் மறுபடி அடுக்க வேண்டுமே!

நம் கதைக்கு முக்கியமானது ஆறாவது பத்தி. முதல் ஐந்து பத்திகள் கூற்றின் எண்ணுக்கு. ஏழிலிருந்து கூற்று தொடங்கும். நடுவில் உள்ள ஆறாம் பத்தி வழக்கமாகக் காலியாக இருக்கும். கூற்று ஓர் அட்டையில் அடங்காவிட்டால், அடுத்த அட்டையின் ஆறாம் பத்தியில் பூஜ்யம் அல்லாத ஏதாவது ஒரு குறியைத் துளைக்க வேண்டும். "இது புதிய கூற்று இல்லை, முந்தைய அட்டையின் தொடர்ச்சி" என்று அதற்குப் பொருள். கோபால் மொழியிலும் ஏழாம் பத்தியில் சிறு கோடு போட்டுத் தொடர்ச்சியைக் காட்டுவார்கள்.

ஆக, ஒரு கூற்றைப் பல வரிகளில் எழுதும் சிக்கல் நிரல் எழுதத் தொடங்கிய காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆறாம் பத்தி முதல் வாசகருக்காக, கணினிக்காக, போட்ட குறி. இரண்டாம் வாசகரைப் பற்றி அப்போது அதிகம் கவலைப்படவில்லை.

அட்டை போய்த் திரை வந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் 1978ஆம் ஆண்டு விடி100 முனையம் 24 வரி, 80 பத்தி. அட்டை செத்தாலும் அதன் அகலம் சாகவில்லை. பைத்தான் மொழிக்கு 2001இல் கைடோ வான் ராசமும் பாரி வார்சாவும் எழுதிய பெப் 8 என்ற நடை வழிகாட்டி, வரிக்கு 79 எழுத்து என்கிறது. லினக்ஸ் கருவின் நடை விதியும் நெடுங்காலம் 80ஐப் பிடித்துக்கொண்டிருந்தது; 2020இல்தான் அவர்களுடைய சரிபார்ப்பு நிரல் எச்சரிக்கும் எல்லை 100 ஆனது.

இன்று உங்கள் திரையில் 200 எழுத்து பிடிக்கும். பிறகு ஏன் சுருக்க வேண்டும்? இரண்டு கோப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கிறோம். பழையதையும் புதியதையும் ஒப்பிடுகிறோம். கண்ணும் நீண்ட வரியின் கடைசிவரை போய்த் திரும்பும்போது அடுத்த வரியைத் தவறவிடுகிறது; செய்தித்தாளைப் பத்தி பத்தியாக அச்சடிப்பதன் ஒரு காரணமும் அதுதான். உங்கள் எல்லை 79ஆ, 88ஆ, 100ஆ என்று குழுவில் ஒரு முறை பேசி முடிவு செய்யுங்கள். அதற்குமேல் அதில் நேரம் போகக் கூடாது. எல்லையைத் தொட்ட பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கல்யாணச் செலவு

ஓர் எடுத்துக்காட்டு. பைத்தான் மூன்றாம் பதிப்பு, மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க இடம் தருகிறது. ஆகவே நான் காட்டப்போவது வெறும் விளக்கப் படம் இல்லை. உள்ளே மதிப்புகளைக் கொடுத்தால் ஓடக்கூடிய நிரல்.

    செலவு = மண்டபம் + சாப்பாடு + மேளம் + பூ
    - மொய்

வரி நீண்டுபோகிறதே என்று எழுதியவர் கடைசித் துண்டை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறார். மனித வாசகருக்குப் பொருள் தெளிவு: செலவைக் கூட்டி, வந்த மொய்யைக் கழித்திருக்கிறார்கள். கணினி என்ன படித்தது? முதல் வரியோடு கூற்று முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. இரண்டாவது வரியை, மொய்யின் எதிர்மறை மதிப்பைக் கணக்கிடச் சொல்லும் தனிக் கூற்றாகப் படித்தது; கணக்கிட்டது; விடையை எங்கும் வைக்கச் சொல்லவில்லையே, தூக்கி எறிந்தது. பிழைச் செய்தி வராது. பெண்வீட்டார் கணக்கில் மொய் வரவே இல்லை! அந்த வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதியிருந்தால்கூடப் பைத்தான் தேவையில்லாத உள்தள்ளல் என்று உடனே நின்றிருக்கும். ஓரத்தில் ஒட்டி எழுதியதால் சத்தமில்லாமல் போயிற்று.

சரி செய்ய இரண்டு வழி. வரியின் முடிவில் பின்சாய்கோடு போடலாம். அதில் ஒரு தொல்லை: பின்சாய்கோட்டுக்குப் பிறகு தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் பிழை, அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. நல்ல வழி அடைப்பு. பைத்தானில் திறந்த அடைப்பு மூடும்வரை வரி முடிவுக்குப் பொருள் கிடையாது.

    செலவு = (
        மண்டபம்
        + சாப்பாடு
        + மேளம்
        + பூ
        - மொய்
    )

கூட்டல் கழித்தல் குறிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வரியின் தலையில். பலர் குறியை முந்தைய வரியின் வாலில் விடுவார்கள். அப்படி விட்டால் மண்டபம் என்ற வரியின் வாலில் ஒரு கூட்டல், பூ என்ற வரியின் வாலில் ஒரு கழித்தல். கழிக்கப்படுவது மொய், ஆனால் கழித்தல் குறி பூவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வரிகள் ஒரே நீளமும் இல்லை. குறிகள் ஆளுக்கோர் இடத்தில் நிற்கும். வேட்டியை மடிக்கும்போது கரை வெளியே தெரியும்படிதானே மடிக்கிறோம்? கூற்றுக்குக் கரை அதன் குறிகள். மடித்த பிறகும் அவை ஓரத்தில், ஒரே நேர்கோட்டில், தெரிய வேண்டும்.

கணித நூல் அச்சிடுகிறவர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். பத்திக்குள் ஓடும் சூத்திரத்தைக் குறிக்குப் பின்னும், தனியாக எடுத்துக்காட்டும் சூத்திரத்தைக் குறிக்கு முன்னும் ஒடிப்பது மரபு என்று டொனால்ட் நூத், டெக் என்ற தமது அச்சுக்கோப்பு மென்பொருளைப் பற்றிய நூலில் விளக்கியிருக்கிறார். பெப் 8 வழிகாட்டி முதலில் குறிக்குப் பின் ஒடிக்கச் சொன்னது. 2016இல், நூத்தை மேற்கோள் காட்டி, புதிய நிரலுக்குக் குறிக்கு முன் ஒடிப்பதையே பரிந்துரைத்தது. பதினைந்து ஆண்டு பழகிய விதியை மாற்றிக்கொள்ள அவர்கள் கூச்சப்படவில்லை.

ஆனால் இதை எல்லா மொழிக்கும் வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியில் ஒரு வரி மாறியின் பெயரிலோ எண்ணிலோ மூடிய அடைப்பிலோ முடிந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத அரைப்புள்ளி ஒன்றை மொழியே போட்டுக்கொள்கிறது. எனவே அங்கே குறியை வரியின் வாலில்தான் விட வேண்டும்; இன்னும் முடியவில்லை என்பதற்கு அந்தத் தொங்கும் குறியே அடையாளம். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அரைப்புள்ளி தானாக விழும் இடங்கள் உண்டு. ரிட்டர்ன் என்ற சொல்லை எழுதிவிட்டு, திருப்பி அனுப்ப வேண்டிய மதிப்பை அடுத்த வரியில் அழகாகத் தொடங்கினால், ரிட்டர்னுக்குப் பக்கத்திலேயே அரைப்புள்ளி விழுந்துவிடும். மதிப்பு அடுத்த வரியில் காத்திருக்க, வெறுங்கை திரும்பும். புதியவர்கள் ஒரு முழு நாளைத் தொலைக்கும் இடம் அது.

ஆகவே முதல் பாடம்: எழுதும் மொழியில் வரி முடிவுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு ஒடியுங்கள். நடை அதற்குப் பிறகு.

எவ்வளவு உள்ளே

ஒடித்தாயிற்று. துண்டை எங்கே வைப்பது? இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று, திறந்த அடைப்புக்கு நேர் கீழே அடுக்குவது.

    நினைவூட்டு(பெறுநர்=வாடிக்கையாளர்,
               தொகை=நிலுவை + அபராதம்,
               நாள்=இன்று)

மற்றது, அடைப்பைத் திறந்ததும் வரியை முடித்துவிட்டு, உள்ளே இருப்பவற்றை நான்கு இடம் தள்ளி வரிக்கு ஒன்றாக வைப்பது. தொங்கு உள்தள்ளல் என்று வைத்துக்கொள்வோம்.

    நினைவூட்டு(
        பெறுநர்=வாடிக்கையாளர்,
        தொகை=நிலுவை + அபராதம்,
        நாள்=இன்று,
    )

முதலாவது பார்க்க அழகு. பெப் 8 இரண்டையும் ஏற்கிறது. நான் இரண்டாவது கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

நாளை இந்தச் செயற்கூறின் பெயரை, நிலுவை நினைவூட்டு என்று மாற்றுகிறீர்கள். முதல் வகையில் அடைப்பு வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. கீழே உள்ள எல்லா வரிகளையும் நகர்த்தி மறுபடி நேராக்க வேண்டும். கிட் போன்ற கருவியில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் மூன்று வரிகள் மாறியதாகக் காட்டும். உண்மையில் மாறியது ஒரு பெயர். உங்கள் மாற்றத்தைச் சரிபார்க்கிறவர் மூன்று வரியையும் படித்து, இரண்டில் ஒன்றுமே மாறவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது வகையில் ஒரே வரி மாறும்.

இன்னொரு காரணம் நம் எழுத்துக்கே உரியது. நேர் கீழே அடுக்குவது ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கு அப்படி எழுத்துருக்கள் உண்டு. தமிழில் டகரமும் ணகரமும் ஒரே அகலம் ஆகுமா? திரையில் நான் நேராக அடுக்கியதாக நினைக்கும் வரி உங்கள் கைப்பேசியில் கோணலாகத் தெரியும். இந்தப் பேச்சு அச்சில் வரும்போது மேலே உள்ள முதல் எடுத்துக்காட்டு அநேகமாகக் கோணிக்கொண்டுதான் இருக்கும், பாருங்கள். தொங்கு உள்தள்ளலுக்கு அந்தக் கவலை இல்லை. ஓரத்திலிருந்து நான்கு இடைவெளி. எந்த எழுத்துருவிலும் எல்லா வரிக்கும் அது ஒரே நான்குதான்.

எண்ணிக்கையிலும் வேடிக்கை உண்டு. கல்யாணம் என்பதில் எத்தனை எழுத்து? ஐந்து என்று தமிழாசிரியர் சொல்வார். பைத்தானைக் கேட்டால் எட்டு என்று சொல்லும். புள்ளியையும் காலையும் யூனிக்கோடு தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. சாப்பாடு நான்கெழுத்து, அதுவும் எட்டு ஆகிவிடும். ஆகவே தமிழில் பெயர் வைத்து எழுதினால், கண்ணுக்கு வரி பாதியில் இருக்கும்போதே சில சரிபார்ப்புக் கருவிகள் எல்லை தாண்டியது என்று கூச்சல் போடும். எல்லை என்பது கண்ணுக்கான உதவி, சட்டம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

நான்குதான் சரியான அளவா? மியாரா, மசல்மேன், நவாரோ, ஷ்னைடர்மேன் என்ற நால்வர் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே நிரலை உள்தள்ளல் இல்லாமலும், இரண்டு, நான்கு, ஆறு இடைவெளி வைத்தும் கொடுத்துப் படிப்பவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று சோதித்தார்கள். இரண்டு முதல் நான்கு வரை உள்ள அளவே நன்றாக உதவியது. அதிகம் தள்ளினால் அதிகம் புரியும் என்பது இல்லை. சாம்பாரில் உப்பு மாதிரி.

உருவம் பொய் சொன்னால்

இனி உள்தள்ளல் தவறான சேதியைச் சொல்லும் இடங்களுக்கு வருவோம். பைத்தானிலேயே ஒரு பொறி இருக்கிறது. நிபந்தனைக் கூற்று இஃப் என்ற சொல்லில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அது இரண்டெழுத்து. பிறகு ஓர் இடைவெளி. பிறகு திறந்த அடைப்பு. மொத்தம் நான்கு. நிபந்தனை நீண்டு அடுத்த வரிக்கு வந்து, அடைப்புக்கு உள்ளே நேராக அடுக்கினால், அது நான்காம் இடத்துக்குப் பிறகு தொடங்கும். நிபந்தனை நிறைவேறினால் செய்ய வேண்டிய வேலையும் நான்கு தள்ளித்தான் தொடங்கும். எது நிபந்தனை, எது வேலை? உருவம் இரண்டையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டது. மாப்பிள்ளையையும் மாப்பிள்ளைத் தோழனையும் ஒரே மாலை போட்டு நிறுத்தியது மாதிரி. நிபந்தனையின் தொடர்ச்சியை இன்னும் ஒரு படி உள்ளே தள்ளுங்கள். அல்லது மூடும் அடைப்பைத் தனி வரியில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி தெரிய வேண்டும்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக 2014 பிப்ரவரியை நினைவுபடுத்துகிறேன். ஐபோன், ஐபேட், மேக் கணினி எல்லாவற்றிலும், பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் ஒரு பிழை இருப்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்த மாதம் 21ஆம் தேதி கைப்பேசிக்குத் திருத்தம் வெளியானது. பிழை என்ன தெரியுமா? சி மொழியில் எழுதிய அந்தச் செயற்கூறில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சோதனைகள். ஒவ்வொரு சோதனைக்கும் கீழே, உள்ளே தள்ளி, ஒரே ஒரு வரி: தோற்றால் இறுதிக்குத் தாவு. ஓரிடத்தில் அந்தத் தாவும் வரி இரண்டு முறை விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளல். நெளி அடைப்பு இல்லை.

படிக்கும் மனிதருக்கு இரண்டு வரியும் அந்தச் சோதனையின் பிள்ளைகள். சி மொழிக்கு முதல் வரி மட்டும்தான் பிள்ளை; இரண்டாவது ஊரான் வீட்டுப் பிள்ளை, எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாதது. சோதனை வென்றாலும் தோற்றாலும் நிரல் அங்கிருந்து இறுதிக்குத் தாவியது. அதற்குக் கீழே இருந்த உண்மையான கையெழுத்துச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை. அதுவரை எந்தப் பிழையும் பதிவாகாததால், விடை "எல்லாம் சரி" என்றே திரும்பியது. போலித் தளம் தன்னை உண்மையான தளமாகக் காட்டிக்கொள்ளக் கதவு திறந்து கிடந்தது.

கணினியைப் பொறுத்தவரை அந்த நிரலில் ஒரு குழப்பமும் இல்லை. உருவம் பொய் சொன்னது, மனிதர்கள் நம்பினார்கள். சி நிரலைக் கணினிக்கு மொழிபெயர்த்துத் தரும் ஜிசிசி கம்பைலரின் 2016இல் வந்த ஆறாம் பதிப்பில், ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டு எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். இரண்டாம் வாசகர் எப்படிப் படிப்பார் என்பதை முதல் வாசகரே கவலைப்பட்டுப் பார்க்கும் நிலை வந்தது!

என் அபராதம்

இப்போது நான் ஒத்திவைத்த கதை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு மாவட்டவாரியாக விற்பனை அறிக்கை தயாரிக்கும் நிரல் ஒன்றை எழுதியது. மாவட்டப் பெயர்களை ஒரே வரியில் நெருக்கி வைத்திருந்தது நான். ஒரு நாள் இரண்டு மாவட்டங்களின் அறிக்கை வரவில்லை. மற்ற எல்லாம் சரி. தரவுத்தளத்தைச் சந்தேகப்பட்டோம். அந்த ஊர்க் கிளைகளுக்குத் தொலைபேசியில் பேசினோம். இணைப்பைச் சந்தேகப்பட்டோம். இரண்டு நாள் கழித்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் அந்த நீண்ட வரியை எடுத்து வரிக்கு ஒரு பெயராக உடைத்து எழுதினாள். இப்படி:

    மாவட்டங்கள் = [
        "மதுரை",
        "தேனி"
        "திண்டுக்கல்",
        "சிவகங்கை",
    ]

தேனிக்குப் பக்கத்தில் காற்புள்ளி இல்லை. பைத்தானில் இரண்டு சொற்சரங்கள் அடுத்தடுத்து வந்தால், நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால், இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கிவிடும். பிழைச் செய்தி கிடையாது. எங்கள் நிரல் தேனிதிண்டுக்கல் என்ற ஊரைத் தமிழ்நாடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நெருக்கிய வரியில் எத்தனையோ முறை என் கண் அதைக் கடந்து போயிருக்கிறது. வரிக்கு ஒன்றாக எழுதியதும், வலப்பக்கக் காற்புள்ளி வரிசையில் ஒரு பல் விழுந்தது தெரிந்தது. அம்மாவின் சிட்டையில் டிக் விழாத ஏழாம் வரி அது.

கடைசியில் உள்ள சிவகங்கைக்குப் பிறகும் ஒரு காற்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். மொழிக்கு அது தேவையில்லை, உங்களுக்குத் தேவை. நாளை இராமநாதபுரத்தைச் சேர்க்கும்போது முந்தைய வரியைத் தொட வேண்டியதில்லை. முந்தைய வரியில் காற்புள்ளி சேர்க்க மறக்கும்போதுதான் இந்த ஒட்டுப் பிழையே பிறக்கிறது. கோ மொழியில் மூடும் அடைப்பு தனி வரியில் இருந்தால் அந்தக் கடைசிக் காற்புள்ளி கட்டாயம். ஜேசான் கோப்பில் அதற்கு அனுமதியே இல்லை. எஸ்க்யூஎல் எழுதுகிறவர்கள் சிலர் காற்புள்ளியை வரியின் தலையில் வைப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தேர்வுப் பட்டியலின் கடைசியில் காற்புள்ளி விட வழியில்லாத இடத்தில் அவர்கள் கண்ட உபாயம் அது. ஒரே ஓர் எச்சரிக்கை: கல்யாணச் செலவு மாதிரியான கூட்டல் அடைப்பின் முடிவில் பழக்க தோஷத்தில் காற்புள்ளி போட்டுவிடாதீர்கள். பைத்தான் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. ஒரே உறுப்பு கொண்ட தொகுப்பாக்கிவிடும்.

கருவி செய்யும், செய்யாது

"ஐயா, இதையெல்லாம் கருவியே செய்துவிடுகிறதே" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மை. கோ மொழியோடு கோஃபார்மட் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2017இல் பிரிட்டியர். பைத்தானுக்கு 2018இல் பிளாக்; அதன் எல்லை 88. வரியைக் கருவியே ஒடிக்கும் முயற்சியின் வேர் பழையது. டெரெக் ஓப்பன் 1980இல் வெளியிட்ட வழிமுறை, பிறகு ஃபிலிப் வாட்லர் எழுதிய கட்டுரை; பிரிட்டியர் வாட்லரின் வழியில் வந்தது. அடிப்படை எளிது: அந்த வழிமுறை நிரலைக் குழுவுக்குள் குழுவாகப் பார்க்கிறது. ஒரு குழு வரியில் அடங்கினால் அப்படியே விடுகிறது. அடங்காவிட்டால் அந்தக் குழுவை அதன் எல்லா மூட்டுகளிலும் ஒடித்து, உள்ளே இருக்கும் சிறு குழுக்களை மறுபடி பார்க்கிறது. வெளி மூட்டை முதலில் ஒடி, உள் மூட்டைத் தேவைப்பட்டால் மட்டும் ஒடி. கையால் எழுதும்போதும் இதைவிட நல்ல விதி கிடையாது.

கருவியைப் பயன்படுத்துங்கள். குழுவில் பாதிச் சண்டை தீரும். ஆனால் எல்லாக் கருவியும் எல்லாம் செய்வதில்லை. கோஃபார்மட் உள்தள்ளலைச் சீராக்கும். நீண்ட வரியை உங்களுக்காக ஒடிக்காது, அது உங்கள் பொறுப்பு. பிளாக் ஒடிக்கும், ஆனால் கடைசிக் காற்புள்ளி வைத்திருந்தால், நீங்கள் வேண்டுமென்றே வரிக்கு ஒன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு அதைச் சேர்க்காமல் விடும். நீங்கள் ஒரு குறியால் சேதி சொல்கிறீர்கள், அது கேட்கிறது. தேனிக்கு அடுத்து விட்டுப்போன காற்புள்ளியை மட்டும் அது போட்டுத் தராது. இரண்டு ஊர்கள் என்பது அதற்குத் தெரியாது.

தெரியாதது இன்னொன்றும் உண்டு. முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி பார்க்கும் நிபந்தனை ஒன்று, வயது, வருமானம், இருப்பிடம், வேறு உதவி பெறுகிறாரா என்று ஆறு வரிக்கு நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி அந்த ஆறு வரியையும் ஒழுங்காக அடுக்கித் தரும். நல்ல நிரலர் என்ன செய்வார்?

    வயதுத்_தகுதி = வயது >= குறைந்த_வயது
    வருமானத்_தகுதி = ஆண்டு_வருமானம் < உச்சவரம்பு

இப்படி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிடுவார். பிறகு நிபந்தனை ஒரே வரியில் அடங்கிவிடும். தமிழ் வாக்கியம் போலப் படிக்கலாம். ஒடிப்பதற்கே வேலை இல்லாமல் போயிற்று. நீண்ட கூற்றைப் பார்க்கும்போது நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, இதை எங்கே ஒடிப்பது என்று அல்ல. இதற்குள் பெயர் வைக்கப்படாத பொருள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று. பல நேரம் இருக்கிறது. பெயர் வைப்பது பொருள் தெரிந்தவர் வேலை.

முடிக்கிறேன். விதிகளை எழுதிக்கொண்டு போக வேண்டாம். மொழி மாறினால் விதியும் மாறும் என்று பார்த்தோம். ஒரு சின்ன வேலை மட்டும் தருகிறேன். இன்று இரவு விடுதிக்குப் போய், போன பருவத்தில் எழுதிய உங்கள் நிரல் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதில் ஆக நீளமான வரியைத் தேடுங்கள். அறைத் தோழருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். குறிகளை அல்ல, அது என்ன செய்கிறது என்பதை, தமிழில். நீங்கள் மூச்சு விடுகிற இடத்தில் வரியை ஒடியுங்கள். கேட்கிறவர் "எதற்கு எது?" என்று குறுக்கிட்டால், அங்கே உள்தள்ளல் தவறு. படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே மூச்சு வாங்கினால், அது ஒரு கூற்று அல்ல; இரண்டோ மூன்றோ. பிரித்து, பெயர் வைத்து, பிறகு தூங்கப் போங்கள்.